எட்டரை அடித் தூண்டில்

லிஃப்ட் ஆறரை அடிதானாம். பெரியவன் டேப் வைத்து அளந்துவிட்டு வந்து சொன்னான். மன்னார்புரத்தில் அவன் வாங்கியிருக்கும் வீடு நாலாவது மாடி. படிக்கட்டோ, ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய அகலம். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் காலையிலேயே வண்டியில் ஏறிப் போய்விட்டன. நம் எடமலைப்பட்டி புதூர் வீட்டுக் கூடத்தில் மிஞ்சியிருப்பது நான், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, உங்கள் தூண்டில் கோல்.

"அம்மா, அந்த மூட்டுதான் பிரியாதுன்னு நீயே சொல்லுவியே. நடுவுல ஒரே அறுப்பு. மேல போய் ஒட்டிக்கலாம்" என்றான். கையில் ஆக்சா பிளேடு வேறு. "உங்கப்பா ஃபிட்டர். அவருக்குப் போய் அறுக்கிறவன் ஒருத்தன் வந்து பொறந்திருக்கான் பாரு" என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று தெருமுனைக்குப் போயிருக்கிறான். பாவம், திட்டியிருக்க வேண்டாம். அவனுக்கு என்ன தெரியும்?

கோலை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் மூன்று வருஷமாகியும் அதிலிருந்து மெழுகுவர்த்தி வாசம் போகவில்லை. எதை எடுத்தாலும் மறந்துவிட்டு வருகிற மனுஷன், மெழுகுவர்த்தி வாங்க மட்டும் மறந்ததே கிடையாது. வீட்டில் அரிக்கேன் விளக்கு இருந்தது, டார்ச் இருந்தது, பிற்பாடு எமர்ஜென்சி லைட்டும் வந்தது. "எதுக்குங்க இத்தனை மெழுகுவர்த்தி?" என்றால், "கரண்ட் போனா வேணும்ல" என்பீர்கள். கரண்ட் போகிற நாளில் தேடினால் ஒன்றுகூட இருக்காது. அதற்கும் ஒரு சண்டை போட்டிருக்கிறேன்.

பேத்தியின் பழைய நோட்டில் பத்துப் பக்கம் மிச்சம் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. இந்தக் கோலைப் பற்றியது. அறுபடப் போகிறது என்றதும் பேனாவைத் தேடி எடுத்தேன்.

என்னை முதன்முதலில் பார்த்தபோது உங்கள் கையில் இருந்தது மூங்கில். நாகப்பட்டினம் ரயில்வே ஷெட்டுக்கு ஆறு மாதத்துக்கென்று பொன்மலையிலிருந்து அனுப்பப்பட்ட ஃபிட்டர் நீங்கள். நான் கருவாட்டுக் கூடையோடு போய்க்கொண்டிருந்தேன். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், தண்ணீர் முழங்காலுக்கும் கீழே வடிந்துகொண்டிருந்த நேரத்தில், காக்கி டிரவுசரை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு ஆள் தவம் கிடந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தண்ணி வத்துற நேரத்துல தூண்டி போட்டா நத்தைதான் கடிக்கும்" என்றேன்.

திரும்பிப் பார்த்து, நிஜமாகவே கவலையோடு, "நத்தை கடிக்குங்களா?" என்று கேட்டீர்கள்.

அந்த "ங்களா"வில் விழுந்தவள்தான். கூடை சுமக்கிறவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "தண்ணி தெரியாதவனுக்கு எம்பொண்ணு இல்ல." ஜாதி பேசினார்களே உங்கள் பக்கத்தில், அதைக்கூட அவர் பேசவில்லை. கட்டுமரத்தில் போகிற மனுஷன்; அவருக்கு உலகத்தில் ரெண்டே ஜாதி, கடல் தெரிந்தவன், தெரியாதவன். நாம் ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவர் வாய் மூடியது. உங்கள் அம்மா என் மீன் குழம்பைச் சாப்பிட்ட அன்றே பாதி சரியாகிவிட்டார். மீதிக்கு ஒரு வருஷம் ஆயிற்று. எங்கள் அப்பாவுக்கோ ஐந்து வருஷம் போயும் அசைவில்லை. ரெண்டு தடவை ஊருக்குப் போனேன். ரெண்டு தடவையும் சித்தி வீட்டில்தான் தங்கினேன். நான் வாசலில் நிற்கிறேன் என்று தெரிந்தால் அவர் கொல்லைப்பக்கமாக இறங்கிக் கடலுக்குப் போய்விடுவார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடல் மேல போயிருக்காருடி" என்பாள்.

பொன்மலை குவார்ட்டர்ஸில் எனக்கு எதுவும் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, மூங்கிலைக் குறுக்குக் கம்பியில் கட்டி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப்போவீர்கள். போகும்போது வீதி வழியாகப் போவோம். திரும்பும்போது மீன் பை இருந்தால் வீதிக்குள் நுழைய மாட்டீர்கள். "பெருமாள் ஊருக்குள்ள மீன் வாடையோட போகக் கூடாது அஞ்சலை" என்று சொல்லி, ரெண்டு மைல் சுற்றி ஆற்றங்கரை மேடு பள்ளத்தில் மிதிப்பீர்கள். ஒன்றும் கிடைக்காத ஞாயிறுகளில் ராஜா மாதிரி நேர் வழியில் போவோம். நேர் வழியில் போன ஞாயிறுகள்தான் அதிகம், அதை நான் சொல்லக் கூடாது.

ஐந்து வருஷம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டரம்மா உறுதியாகச் சொன்ன அன்று நீங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்தீர்கள். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். தலைப்பிரசவம். எந்தப் பொண்ணுக்கும் தாய் வீடு. ஏழாம் மாதம் அப்பாவோ அண்ணனோ வந்து கூட்டிப்போக வேண்டும். எனக்கு அண்ணனும் இல்லை. அப்பா வந்து "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒழிய நான் எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பேன்? "உன் அப்பாகிட்ட நான் போய்ப் பேசறேன்" என்றீர்கள். "பேச நீங்க ரெடி, கேக்க அவரு இருக்கணுமே" என்றேன்.

நீங்கள் ரெண்டு நாள் யோசித்தீர்கள். மூன்றாம் நாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "உங்கப்பா என்கூடப் பேச மாட்டாரு. ஆனா மீன் மாட்டிக்கிட்டா பக்கத்துல நிக்காம இருக்க மாட்டாரு. கடல் மீன் ஒண்ணு அவர் கண்ணு முன்னாடி பிடிக்கணும்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூங்கிலை வைத்துக்கொண்டா? போன மாதம்தான் கொள்ளிடத்தில் ஒரு வாளை அதை நாலாகக் கிழித்துவிட்டுப் போயிருந்தது. கடலுக்கென்று தனியாக ஒரு கோல் வாங்கினால், வருஷத்தில் ரெண்டு நாளுக்காக ஒற்றை அறை வீட்டில் அதை எங்கே நிறுத்துவது? கொள்ளிடத்துக் கெண்டைக்கும் ஆகணும், முகத்துவாரத்துக் கொடுவாய்க்கும் தாங்கணும். ஒரே கோல். அதைத் தேட ஆரம்பித்தோம்.

அந்தச் சமயம்தான் பொன்மலையில் ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் துரை ஒருத்தர், மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறேன் என்று வீட்டுச் சாமான்களை வராந்தாவில் பரப்பி வைத்தார். பியானோ முதல் பால் குக்கர் வரை கிடந்தது. சுவரில் மூன்று தூண்டில் கோல்கள் சாய்ந்திருந்தன. உங்கள் கண் நேராகப் போய் நின்றது எதில்? பன்னிரண்டடி நீளத்தில், மணிக்கட்டுத் தடிமனில், கொடிக்கம்பம் மாதிரி நின்ற அதில். ஆம்பளைக் கண்!

"இதுல கொள்ளிடத்துக் கெண்டை கடிச்சா உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "அது கடிச்சு, தின்னு, வீட்டுக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்தாக்கூட நுனி அசையாது."

டிரைவர் துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "என்னா மேன், ஃபிஷிங் பண்றது நீயா, உன் ஒய்ஃபா?" என்றார்.

ரெண்டாவது கோல் ஆறடிதான். கொடைக்கானல் ஓடைகளில் போடுவதாம். விளக்குமாற்றுக் குச்சி போல் மெலிசு. கடலில் ஒரு கெளுத்தி போதும், முறுக்கு மாதிரி நொறுக்கிவிடும். மூன்றாவது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது. பழுப்பு நிறம், எட்டரை அடி, நடுவில் உலோக மூட்டு வைத்து ரெண்டு துண்டு. "மூங்கில் இல்லம்மா, கண்ணாடி நாரு. என் பிரதர் லண்டன்லேருந்து அனுப்பினான். உப்பு இதைத் தின்னாது" என்றார் துரை.

எந்தக் கோலையும் நான் பிடித்தவள் இல்லை. எங்கள் ஊரில் வலைதான், கையில் பிடிக்கிற கயிறுதான். ஆனால் துடுப்பும் பாய்மரக் கழியும் வாங்க அப்பாவோடு போயிருக்கிறேன். எதையும் கேட்டு நம்ப மாட்டார், வளைத்துத்தான் பார்ப்பார். நானும் தங்கூசி நரம்பைக் கோலின் வளையங்களில் கோத்து, விலைக்கு வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியில் முனையைக் கட்டினேன். துரையின் மனைவி "ஓ மை காட்" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தார். பெட்டி தரையை விட்டுக் கிளம்பாமல் லேசாக இழுத்தபோது நுனி மட்டும் தலையாட்டியது. இன்னும் இழுத்தேன். வளைவு நடுவுக்கு இறங்கியது. பெட்டி அந்தரத்தில் தொங்கியபோதும் கைப்பிடிக்கு மேல் ஒரு முழம் அசையாமல் நின்றது. அதுதான் வேண்டும். ஆற்று மீன் நுனியைத் தொட்டாலே கைக்குத் தெரியும். கடல் மீன் இழுத்தால் அடிப்பக்கம் தாங்கும்.

அதோடு விட்டேனா? முந்தானை நூலை உருவி ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இழுத்துப் பார்த்தேன். பிசிறு இருந்தால் நூல் மாட்டும். நூல் மாட்டினால் நரம்பும் அறுபடும். எதிலும் மாட்டவில்லை. கைப்பிடி ரெண்டு கையும் வைக்கிற நீளம் இருந்தது. கடலில் தூரம் வீச அது வேண்டும். ஈயக்குண்டு கட்டி வீசிப் பார்க்கிறேன் என்று நீங்கள் தோட்டத்துக்கு இறங்கிவிட்டீர்கள். முதல் வீச்சே பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த கவுனில் போய் மாட்டியது.

நீங்கள் கவுனோடு போராடிக்கொண்டிருந்தபோது துரை என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இந்த ஜாயின்ட் மட்டும் பார்த்துக்கம்மா. சால்ட் வாட்டர்ல போட்டா அன்னிக்கே நல்ல தண்ணியில கழுவணும். இல்லேன்னா பிடிச்சுக்கும். உன் ஹஸ்பெண்டுக்குச் சொல்லு." சரி என்று தலையாட்டினேன். அது உங்கள் காதில் விழவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு கொள்ளிடத்தில் வெள்ளோட்டம். தை மாதத் தண்ணீர், இடுப்பளவு, தெளிவு. அரை மணியில் மூன்று கெண்டை. நுனி துடித்த துடிப்புக்கு உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்போதுதானா அந்த ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஸ்நானம் முடித்து ஈர வேஷ்டியோடு மேலேறி வர வேண்டும்? மீனைப் போட்டிருந்த தண்ணீர்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏன்டாப்பா, அதுகள் உன்னை என்ன பண்ணித்து?" என்றார். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போல் கேட்டார். அவர் நகர்ந்ததும் பானையைச் சாய்த்துவிட்டீர்கள். மூன்றும் போயின. "நான் காலையிலேயே மசாலா அரைச்சு வச்சுட்டு வந்தேன்" என்று கத்தினேன். அன்றைக்குக் கத்தரிக்காயைப் போட்டு அந்தக் குழம்பை முடித்தேன். பக்கத்து வீட்டுக்காரி மீன் குழம்பு என்றே நினைத்து ஒரு கிண்ணம் வாங்கிப்போனாள்.

மாசி மகத்துக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். கோலைப் பழைய தலையணை உறையைப் பிரித்துத் தைத்த பையில் ரெண்டாகப் போட்டு எடுத்துக்கொண்டேன். எனக்கு மூன்றாம் மாதம். தஞ்சாவூர் தாண்டுவதற்குள் ரெண்டு தடவை வாந்தி. நீங்கள் என் முதுகைத் தடவிக்கொண்டே, "கொடுவா எந்தப் பக்கம் இழுக்கும்? ஆத்துப் பக்கமா, கடல் பக்கமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எரிச்சலாகவும் இருந்தது, பாசமாகவும் இருந்தது. "எந்தப் பக்கம் இழுத்தாலும் நீங்க விடாதீங்க" என்றேன்.

வழக்கம்போல் சித்தி வீடு. சாமி கடலுக்கு எழுந்தருளும் நாளானதால் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். அப்பாவுக்கும் போக இடமில்லை. கரையில் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சாமி திரும்பிப் போய்க் கூட்டம் கலைந்த பிறகு, தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்து, அவருக்கு இருபதடி தள்ளி முகத்துவாரத்தில் உங்களை நிறுத்தினேன். தூண்டிலில் உயிர் இறால். நான் உங்களுக்குப் பின்னால். அப்பா நிமிரவேயில்லை. ஊசி போகிற வேகம் மட்டும் குறைந்தது.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. என் கால் மரத்துப்போயிற்று. சரி, இவ்வளவுதான் நம் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கோல் வளைந்தது. கொள்ளிடத்தில் பார்த்த வளைவா அது? நுனி தண்ணீரைத் தொட்டுவிட்டது. கைப்பிடியில் நரம்பு சுற்றியிருந்த ரீல் கிறீச்சிட்டு ஓடியது. நீங்கள் ஆற்றுக்காரர் ஆயிற்றே, கெண்டையை இழுப்பதுபோல ஒரே இழு இழுத்தீர்கள்.

"ஏ அஞ்சல! இழுக்காதேன்னு சொல்லு அவன்கிட்ட!"

ஐந்து வருஷம். ஐந்து வருஷம் கழித்து என் பேரை என் அப்பா வாயால் கேட்டேன். எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுடீன்னா! ஓடட்டும், விடச் சொல்லு!"

"அப்பா சொல்றாங்க... ஓட விடணுமாம்" என்றேன். நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறீர்கள். அவர் கத்தியது நாகப்பட்டினம் பஜார் வரை கேட்டிருக்கும். ஆனாலும் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "சரின்னு சொல்லு" என்றீர்கள். நான் திரும்பி, "சரின்னு சொல்றாங்கப்பா" என்றேன். மீன் ஓடுகிறது, ரெண்டு ஆம்பளைகளும் நடுவில் என்னை வைத்துத் தபால் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். "முனையைத் தூக்கச் சொல்லு." "தூக்கிட்டேன்னு சொல்லு." "கல்லுப் பக்கம் விட வேணாம்னு சொல்லு." "எந்தக் கல்லுன்னு கேளு." அந்தக் கேள்விக்குத்தான் அவர் பொறுமை போயிற்று. வலையை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தார்.

"இந்தக் கல்லுடா மாப்ள! பின்னால வா, பின்னால வா!"

பின்னால் வந்து மணலில் மல்லாக்க விழுந்தீர்கள். கோலை மட்டும் விடவில்லை. அப்பா மீனின் செவுளில் கை கொடுத்துத் தூக்கினார். என் கை நீளம் இருந்தது கொடுவாய். அதை என் காலடியில் போட்டார். அப்புறம்தான் தான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று உறைத்தது போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மாகிட்ட குடு. மாங்கா போட்டு வைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை எங்கள் வீட்டு முற்றத்தில் சாப்பிட்டோம். ஆனால் அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாரே ஒழிய ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது என்னோடா, மீனோடா? அந்த நேரத்துச் சூடு ஆறினால் விடிந்ததும் பழைய கதைதானே? மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் ரயில். போய்விட்டால் ஏழாம் மாதம் யார் வருவார்கள்? இன்னும் ரெண்டு நாள், ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே கை கழுவினேன்.

காலையில் கோலைப் பையில் போட எடுத்தீர்கள். மூட்டு வரவில்லை. திருகினீர்கள், துணி சுற்றி இழுத்தீர்கள், முழங்காலுக்கு நடுவில் கொடுத்து முனகினீர்கள். அசையவில்லை. அப்பா வாசலில் வேப்பங்குச்சியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குச்சியைத் துப்பிவிட்டு வந்து, மறுமுனையைப் பிடித்தார். நீங்கள் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். ரெண்டு பேர் முகமும் சிவந்து, கால் மணலில் புதைந்து, ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடி இழுத்தீர்கள். அம்மா அடுப்பை விட்டு வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. பிடியை விட்டார். சிரித்தார்.

"இது பிரியாது. விடு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "உப்பு இறங்கிருக்கு. என்னத்துக்கு இப்பப் பறக்கிறீங்க? இருந்துட்டுப் போங்க. பிள்ளத்தாச்சிய பஸ்ல தூக்கிப் போட்டுக்கிட்டு" என்றார்.

நான் முழுகாமல் இருப்பதை அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள். நான் கதவைப் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையில் கை வைத்தார். மீன் வாடை அடிக்கிற, கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. ஏழாம் மாதம் அந்தக் கைதான் பொன்மலை குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டியது. இப்போது ஆக்சா பிளேடோடு டீக்கடைக்குப் போயிருக்கிறானே, அவனுக்கு அவர் மடியில் வைத்துத்தான் பேர் வைத்தோம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூட்டு தானாகப் பிடிக்கவில்லை. ஒரே ராத்திரியில் உப்பு அவ்வளவு இறுக்காது. கடல்காரன் மகள், எனக்குத் தெரியாதா? சாப்பிட்டுக் கை கழுவப் போனேனே, அப்போது சுவரில் சாத்தியிருந்த கோலை எடுத்தேன். மூட்டை லேசாகத் தளர்த்தி, ஒரு சிட்டிகை ஈர மணலைத் தடவி, பலம் கொண்ட மட்டும் திருகி இறுக்கினேன். துரை சொன்னதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. உங்களுக்கு மெமோ கொடுத்தார்கள், லீவு முடிந்து ரெண்டு நாள் தாமதமாக வந்ததற்கு. எட்டரை அடிக் கோலை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு திருச்சி வரை நின்றுகொண்டே வந்தீர்கள். திருவாரூரில் ஒரு டிக்கெட் பரிசோதகர், "சார், இதுக்கும் சேத்து ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாமே" என்றார். எல்லாம் என்னால்தான். ஒவ்வொரு வருஷமும் அப்படியே தூக்கிக்கொண்டு போய், அப்படியே தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அப்பா இருந்த வரைக்கும் நீங்கள் வந்து இறங்கியதும் முதல் கேள்வி, "பிரிஞ்சுதா?" நீங்கள், "எங்க மாமா, பிரிய மாட்டேங்குது." அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். கொள்ளிடத்துக்கும் அதே நீளத்தில்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனீர்கள். ஒருமுறை நான் மனசு கேட்காமல், "ஃபிட்டர்தானே நீங்க, ஒர்க் ஷாப்ல சூடு காட்டிக் கழட்டக் கூடாதா?" என்றேன். "சில ஜாயின்ட்டு வராது அஞ்சலை" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டீர்கள்.

இதுவரை எழுதியபோது, அறுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மூட்டின் ரெண்டு பக்கமும் பிடித்து, கிழவியின் கையில் என்ன பலம் இருக்கப்போகிறது, சும்மா திருகினேன்.

வந்துவிட்டது. ஜாடி மூடி மாதிரி, சத்தமே இல்லாமல் வந்துவிட்டது.

உள்ளே ஒரு மணல் துகள்கூட இல்லை. பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறீர்கள். அதன் மேல் மெலிசாக வெள்ளைப் பூச்சு. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். மெழுகு. ஒரு தடவை பூசியதல்ல. பழையது மேல் புதியது, அதன் மேல் புதியது. வாங்கின மெழுகுவர்த்தியெல்லாம் போன இடம் இதுதானா? எத்தனை வருஷமாகப் பிரித்துத் துடைத்துப் பூசித் திரும்ப மாட்டி வைத்தீர்கள்? எந்த வருஷமோ, முதல்முறை கழற்றியபோது உள்ளே இருந்த மணலைத் துடைத்தவருக்கு, அது எப்படி உள்ளே போயிற்று என்று தெரியாமலா இருந்திருக்கும்? குவார்ட்டர்ஸிலும், இந்த வீட்டுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துத்தானே, "பிரிய மாட்டேங்குது" என்றீர்கள்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. திட்டியிருக்கலாமே. கள்ள மனுஷன். என் கள்ளத்தைவிடப் பெரிய கள்ளம் உங்களுடையது. எனக்கு இப்போது உங்களோடு சண்டை போட வேண்டும், ஆள் இல்லை.

ரெண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். ரெண்டு துண்டாகப் போனால் லிஃப்டில் பேஷாகப் போகும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்தேன். மூட்டைப் பொருத்தி, இறுகத் திருகி வைத்தேன்.

"என்னம்மா, அறுத்துடலாமா?" என்றான்.

"இது பிரியாதுப்பா. விடு. படி வழியா நீ பின்னால பிடி, நான் முன்னால நுனியைப் பிடிச்சுக்கிட்டு வரேன்."

"நாலு மாடிம்மா!"

"தெரியும். போற வழியில ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்க."

"மெழுகுவர்த்தியா? எதுக்கும்மா, அங்கதான் ஜெனரேட்டர் இருக்கே" என்றான்.

"கரண்ட் போனா வேணும்ல" என்றேன்.